ஐந்து டன்னும் ஒரு முள்ளும்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று நொடியில் அணைந்துவிடுகிறது. ஆயில் பிரஷரைப் பற்றிப் பழைய லாரி ஓட்டுபவர் பலருக்கும் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான். விளக்கு அணைந்துவிட்டது, எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை என்ற நம்பிக்கையில் உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்கும், மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரத்துக்கும் ஐஸும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் போகின்றன.

ஆனால் குறையில்லை என்று அந்த விளக்கு சொல்லவே இல்லை.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சுவிட்சு முடுக்கியிருக்கும். உள்ளே மெல்லிய சவ்வுத் தகடு ஒன்று; அதற்கு எதிராக ஒரு சின்ன ஸ்பிரிங். ஆயிலின் அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றால் மின் தொடுப்பு பிரிந்து விளக்கு அணையும். தோற்றால் தொடுப்பு சேர்ந்து விளக்கு எரியும். வெற்றி தோல்வி முடிவாகிற இடம் பொதுவாக 5 பவுண்டிலிருந்து 10 பவுண்டுக்குள். டயருக்குக் காற்றடிக்கிற கடையில் சொல்கிற அதே பவுண்டுதான்: ஒரு சதுர அங்குலத்தின் மேல் விழும் அழுத்தம். நல்ல நிலையில் உள்ள லாரி டீசல் எஞ்சின் சாலையில் ஓடும்போது 40 முதல் 60 பவுண்டு வரை இருக்கும். 60 இருந்த எஞ்சின் 40-க்கு இறங்கலாம், 25-க்கு இறங்கலாம், 12-க்கே இறங்கலாம். விளக்குக்கு எல்லாம் ஒன்றுதான். பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அது எரிந்தால், எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கிவிட்டன என்றே பெரும்பாலும் பொருள்.

பழைய லாரிகளைப் பேணி வைத்திருப்பவர்கள் செய்ய ஆசைப்படும் முதல் வேலைகளில் ஒன்று, அந்த சுவிட்சு இருக்கும் துளையில் ஒரு முள் மீட்டரை இணைப்பது. 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாட்டா மெர்சிடஸ் பென்ஸ் லாரிகளானாலும், எண்ணூரிலிருந்து வந்த லேலண்டு காமெட்டானாலும், இன்றும் ஓடுகிற நிலையில் ஒன்று கையில் இருந்தால் அதன் எஞ்சினுக்கு மாற்று தேடுவது பெரும்பாடு. அந்த எஞ்சினைக் காப்பாற்ற இதைவிடச் சிக்கனமான வேலை எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த முள் எதைக் காட்டுகிறது என்று கேட்டால், பதில் நம்மை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிஸ்டனின் விட்டம் 97 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 74 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் கணத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 70 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 டன்னுக்கு மேல். இந்தப் பாரம் கனெக்டிங் ராடு வழியே இறங்கி, கிராங்க் ஷாப்டைச் சுற்றியிருக்கும் பேரிங்கின் மேல் விழுகிறது. கிராங்க் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்குப் பதினாறு, பதினேழு தடவை விழுகிறது. இந்த வேகத்தில், இந்தப் பாரத்தில் எஃகும் பேரிங்கும் நேருக்கு நேர் தொட்டால் கொஞ்ச நேரத்தில் சூடேறி, பேரிங்கின் மேல்பூச்சு உருகி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

இப்போது ஆயில் பம்பு தரும் அழுத்தத்தைப் பாருங்கள். 50 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ. பேரிங்கின் அகலம் 3 சென்டிமீட்டர், கிராங்கின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால், பாரத்தைத் தாங்கும் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 63 கிலோ. பம்பின் அழுத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஓர் ஆளின் எடையைத்தான் தூக்க முடியும். மேலேயிருந்து விழுவதோ 5,000 கிலோ. மிச்சத்தை யார் சுமக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கான விடை 1883-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்தது. ரயில் பெட்டிகளின் அச்சுகள் பேரிங்கில் எவ்வளவு உராய்கின்றன என்று அளந்து சொல்லும்படி அங்கிருந்த இயந்திரப் பொறியாளர் சங்கம் பீச்சம் டவர் என்ற பொறியாளரிடம் வேலையைக் கொடுத்திருந்தது. சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருந்தது. மேலே பித்தளைப் பேரிங். அதன் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்காக அரை அங்குலத் துளை. அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகப் பொங்கி மேலே வந்தது. டவர் அதைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரத்தில் ஆப்பு செதுக்கி அடித்தார். அதையும் எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. கடைசியில் துளையில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டினார். பேரிங்கின் மேல் அவர் வைத்திருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மீட்டரின் முள்ளோ 200 பவுண்டு எல்லையையும் தாண்டிப் போனது. அங்கே பம்பு எதுவும் கிடையாது. அந்த அழுத்தத்தை உண்டாக்கியது சுழலும் அச்சேதான்.

எப்படி என்பதை மூன்றாண்டு கழித்து, 1886-இல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக எழுதிக் காட்டினார். அச்சு பேரிங்கின் நட்டநடுவில் நிற்பதில்லை. பாரத்தால் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஒரு பக்கம் அகலமாகவும் போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். அச்சின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய் அதன் சுழற்சியோடு அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்லப்படுகிறது. எண்ணெய்க்குப் பிசுபிசுப்பு இருப்பதால் சட்டென்று பக்கவாட்டில் தப்பி ஓட முடிவதில்லை. பின்னால் வரும் எண்ணெய் முன்னால் போனதை நெருக்க, அழுத்தம் எகிறுகிறது. டீசல் எஞ்சினின் பேரிங்கில் அது ஆயிரக்கணக்கான பவுண்டு வரை போகும். சில மைக்ரான் தடிமனே உள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் ஐந்து டன் மிதக்கிறது. நிற்கும் எஞ்சினில் கிராங்க் பேரிங்கின் மேல் படுத்திருக்கிறது. சுழலத் தொடங்கியதும் எழுந்து மிதக்கிறது. லாரி ஓடும் நேரம் முழுவதும் அந்தப் பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

அப்படியானால் பம்பு எதற்கு? படலம் பாரத்தைச் சுமக்கும். ஆனால் பேரிங்கின் இரண்டு விளிம்பிலும் எண்ணெய் ஓயாமல் கசிந்து, எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் விழுந்துகொண்டே இருக்கும். கசிந்ததை ஈடுகட்டுவதும், உராய்வின் சூட்டைக் கழுவிக்கொண்டு போவதும்தான் பம்பின் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு எண்ணெயை அது தள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த எண்ணெய் வெளியேறத் திணறினால் அழுத்தம் கூடும், எளிதாக வெளியேறினால் குறையும். ஆகவே மீட்டரின் முள் பம்பின் பலத்தை மட்டும் காட்டவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்தப் பேரிங் இடுக்குகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. குறுகிய இடுக்கின் வழியே கசியும் எண்ணெயின் அளவு, அந்த இடுக்கின் மூன்றாம் மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.10 ஆனால் கசிவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். பேரிங் தேய்ந்திருக்கும் அளவோ, எஞ்சினைப் பிரித்து மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியக்கூடியது. அதை டிரைவர் சீட்டில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரிகிற அசைவாக்கித் தருவது இந்த எட்டு மடங்கு.

தேய்மானம் முதலில் எப்போது தெரியும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் தெரியும். லாரிகளுக்குப் பரவலாக ஊற்றும் 15டபிள்யூ40 ஆயிலின் பிசுபிசுப்பு, 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. ஐட்லிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றும். ஆயில் நீர்த்து, வரத்தும் குறைந்து நிற்கும் அந்த நேரத்தில் தேய்ந்த பேரிங் தன்னை ஒளித்துக்கொள்ள முடியாது. விடிகாலையில் மண்டபத்தில் ஸ்டார்ட் செய்யும்போது 60 காட்டிய அதே வண்டி, மே மாத மத்தியானம் பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து நிற்கும்போது 15 காட்டலாம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. போன வருஷம் இதே வெயிலில், இதே நிலையில் 25 காட்டியது என்று ஓட்டுநருக்கு நினைவிருந்தால் மட்டுமே அந்த 15-க்கு அர்த்தம் வருகிறது. மீட்டர் வைத்திருப்பதன் முழுப் பயனும் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. முள்ளின் ஒற்றை எண்ணைவிட, அது மாதக்கணக்கில் நகர்ந்து வந்த பாதை பெரிய தகவல்.

முள் வேறு சிலவற்றையும் சொல்லும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ சடக்கென்று விழுந்து எழுந்தால், சம்ப்பில் ஆயில் குறைந்து, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்க, மீட்டரில் அழுத்தம் இறங்கியிருந்தால், எங்கோ டீசல் கசிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. இந்த இரண்டாவது நிலை கெட்டது. ஏனென்றால் டிப் ஸ்டிக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல சேதியாகத் தோன்றும்.

இனி மீட்டருக்குள் நுழைவோம். பாரிஸைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை வாங்கிய வடிவம்தான் இன்றும் பெரும்பாலான பிரஷர் மீட்டர்களுக்குள் இருக்கிறது. அதுவும் தற்செயல்தான். நீராவி வேலைக்காகச் சுருளாக வளைத்த குழாய் ஒன்று வளைக்கும்போது நசுங்கித் தட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு முனையை அடைத்து உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தினார் போர்டன். குழாய் உருண்டைக்குத் திரும்பியது. கூடவே சுருளும் விரிந்து நிமிர்ந்தது. திருவிழாக் கடைகளில் விற்கும் காகித ஊதலை ஊதினால் அதன் சுருள் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையை உலோகத்தில் செய்வதுதான் போர்டன் குழாய். வில்லாக வளைந்த தட்டைக் குழாய். ஒரு முனை எஞ்சினின் ஆயிலுக்குத் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். அழுத்தம் ஏறினால் மூடிய முனை சில மில்லிமீட்டர் நகரும். சின்னப் பற்சக்கரங்கள் அந்த நகர்வைப் பெருக்கி முள்ளைச் சுழற்றும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

கடலோரத்தில் இந்த ஒயர் வேண்டாமைக்குத் தனி மதிப்பு உண்டு. பாம்பன் வட்டாரத்தின் காற்று இரும்பைத் தின்பதில் உலகப் பெயர் பெற்றது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் உலோகங்களை வெட்டவெளியில் வைத்துத் துருவை ஆராய்ந்துவருவது அதனால்தான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் ஐஐடி மெட்ராஸ் குழுவினர் உணர்விகளைப் பொருத்தி அதன் அதிர்வுகளைக் கண்காணித்தார்கள்; துருவேறிப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றுபோனது. பாலத்தின் எஃகுக்கே அந்த நிலை என்றால், லாரியின் சேஸிஸில் ஒரு போல்ட்டின் அடியில் கவ்வியிருக்கும் எர்த் ஒயரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

எச்சரிக்கை விளக்குக்குப் போவது ஒற்றை ஒயர். மின்சாரம் திரும்பி வரும் பாதை எஞ்சின் பிளாக்கும் சேஸிஸும்தான். அந்தப் பாதையில் ஏதோ ஓர் இணைப்பு துருவேறி அறுந்தாலும், ஒயர் கழன்றாலும், பல்பு சுட்டுப்போனாலும் விளக்கு எரியாது. அழுத்தம் நன்றாக இருந்தாலும் எரியாது. எரியாத விளக்குக்கு இப்படி இரண்டு அர்த்தம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நொடிதான் இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி. அவசரத்தில் அந்த நொடியை விழுங்கிவிட்டு நேரே ஸ்டார்ட் செய்பவர்களே அதிகம்.

மின்சார மீட்டர் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதன் சென்சாருக்குள் அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும். ஜெர்மனியின் விடிஓ வகையில் அழுத்தம் இல்லாதபோது ஏறத்தாழ 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம். அமெரிக்க வகையில் நேர்மாறாக, 240-இல் தொடங்கி 33-க்கு இறங்கும். ஒன்றின் சென்சாரோடு மற்றொன்றின் மீட்டரைச் சேர்த்தால் முள் தலைகீழாகப் பேசும். துருவோ சும்மா இருக்காது. இணைப்பில் கூடுதல் மின்தடையைச் சேர்க்கும். விடிஓ வகையில் தடை கூடினால் அழுத்தம் கூடியதாகவே மீட்டர் எடுத்துக்கொள்ளும். அழுத்தத்தைப் பார் என்ற அலகில் 10 வரை காட்டும் மீட்டரில் 20 ஓம் சேர்ந்தால் இல்லாத அழுத்தம் ஏறத்தாழ 15 பவுண்டு முள்ளில் ஏறி நிற்கும். ஐட்லிங்கில் எஞ்சினைக் கொல்லவும் காப்பாற்றவும் போதுமான வித்தியாசம் அது. எஞ்சின் நின்றிருக்க, சாவி மட்டும் போட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது இதற்காக. சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றுவதும் இதே தவறுக்கு வழி. டேப் எர்த்தைத் தடுக்கும். வண்டி 24 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து மீட்டர் வாங்குவதும் முக்கியம்.

என் தேர்வு கடலோரத்துக்குப் போர்டன் மீட்டர்தான். அதற்கும் அதன் கஷ்டங்கள் உண்டு. சுடுஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியே கேபினுக்குள்ளேயே வரும். எஞ்சினின் அதிர்வில் செம்புக் குழாய் நாளடைவில் இறுகி, விரிசல் விடும். ஆகவே எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் அதை இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி விடுவார்கள். அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். பழைய சுவிட்சைத் தூக்கி எறியவும் வேண்டாம். துளையில் ஒரு டீ பீஸ் முடுக்கினால் ஒரு வாயில் சுவிட்சு, இன்னொரு வாயில் மீட்டர். சாலையில் கண் வைத்திருக்கும் ஓட்டுநரைத் திடுக்கிட வைக்க விளக்கால்தான் முடியும். முள்ளுக்கு அந்தத் திறமை கிடையாது.

டீ பீஸ் வாங்கும்போது மரையைப் பார்த்து வாங்க வேண்டும். அரைக்கால் அங்குலக் குழாய் மரையில் பிரிட்டிஷ் அளவுக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க அளவுக்கு 27. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தவறான ஜோடி இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி, பிறகு இறுகும். ஸ்பேனரைப் பிடித்துப் பலமாக முடுக்கினால் பித்தளை தெறிக்கும், அல்லது பிளாக்கின் மரையே போய்விடும். கையாலேயே நாலைந்து சுற்று ஏறாவிட்டால் நிறுத்திவிடுவது உத்தமம்.

இந்த வேலை லாரியோடு முடியாததற்குக் காரணம் கடல். இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் 1960-களில் மண்டபம் வரை வந்தது. அதன்பின் இந்தக் கரையில் விசைப்படகுகள் பெருகின. இன்று தமிழ்நாட்டு விசைப்படகுகளில் பரவலாக ஓடுபவை, அசோக் லேலண்டின் லாரி எஞ்சின்களைக் கடலுக்கேற்ப மாற்றிய வகைகள். அதே கிராங்க், அதே பேரிங், அதே மிதப்பு. எஞ்சின் தளத்துக்கு அடியில் இருக்கும், டிரைவர் மேலே. பேரிங் தட்டும் சத்தம் அலைச் சத்தத்தைத் தாண்டி அவர் காதுக்கு எட்டும்போது காலம் கடந்திருக்கும். லாரி நின்றால் ஓரமாக ஒதுக்கி மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பலாம். பாக் நீரிணையில் எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஆள் கையில் இல்லை. பழுதான படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டி மிதந்துபோய், அதிலிருந்தவர்கள் சிறைப்பட்ட செய்திகளை இந்தக் கரை நிறையப் பார்த்துவிட்டது. ஆகவே படகில் ஆயில் மீட்டர் பழுதாகிக் கிடக்க, விளக்கை நம்பிக் கடலுக்குப் போவதை நான் துணிச்சல் என்று சொல்லமாட்டேன்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கிற காலம் அது. எஞ்சினைப் பிரித்து மெயின் பேரிங் மாற்றுவதா, இந்த வருஷம் ஆயில், ஃபில்டரோடு விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியதும் அப்போதுதான். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கு முன்பும், எஞ்சின் முழுச் சூட்டில் ஐட்லிங்கில் நிற்கும்போது முள் காட்டும் எண்ணைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவந்தால், முடிவு அந்த நோட்டிலேயே இருக்கும். எண்கள் 28, 27, 27 என்று போனால் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. 28, 23, 17 என்று இறங்கியிருந்தால், முதலில் ஒரு புது மீட்டரை மாட்டிச் சரிபார்த்து, பிறகு ஃபில்டரையும், கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் பிரஷர் வால்வையும் பார்த்துவிட்டு, அப்புறமும் எண் ஏறாவிட்டால் சம்ப்பைக் கழற்ற வேண்டும்.